கோரம்

ஓக்லண்ட் நகர் குடியிருப்போர் நலச் சங்கம், கோத்தகிரி.
பதிவு எண் உண்டு, ரப்பர் ஸ்டாம்ப் உண்டு,
மேசைக்கு ஒரு கால் குறைவு.
செயலாளர் நான்.
தேர்தலன்று குன்னூரில் பல் பிடுங்கிக்கொண்டு
வாய் நிறையப் பஞ்சோடு திரும்பியதால்
மறுக்க முடியவில்லை.

அறுபத்து மூன்று வீடுகள்.
இருபத்தொரு பேர் வந்தால்தான் பொதுக்குழுவுக்குக் கோரம்.
போன தடவை ஏழு பேர்.
அதுவும் ஒரு கோரம்தான்.

இந்த மாதச் சுற்றறிக்கையில் எழுதியது:

தண்ணீர் இனி மூன்று நாளுக்கு ஒருமுறை, விடிகாலை நாலரைக்கு.
வால்வு திறக்கும் சிவனுவுக்கு டார்ச் வாங்கியாயிற்று.
பேட்டரி, அவரவர் மனசாட்சி.

பிள்ளையார் கோவில் விளக்கில் ஊற்றிய எண்ணெயை
மூன்றாம் முறையாகக் கரடி குடித்துவிட்டது.
திரியை மட்டும் மரியாதையாக விட்டுப் போயிருக்கிறது.

முப்பத்தெட்டாம் நம்பர் வீடு, மூன்று வருடச் சந்தா பாக்கி.
போன் செய்தால், சோழிங்கநல்லூரிலிருந்து
"மேலே குளிரா?" என்கிறார்.
குளிர் என்றேன்.
சந்தோஷமாக வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை நாய்களுக்குத் தடுப்பூசி,
மனிதர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை.
ஒரே ஷாமியானா, வேறு வேறு மேசை.

ஸ்டெல்லா டீச்சர், இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் கழித்து,
வாக்கரோடு யூகலிப்டஸ் வளைவு வரை நடந்தார்.

இது செய்தியே இல்லை என்று பொருளாளர் போஜன் அடித்தார்.
நான் எழுதினேன்.
அடித்தார்.
எழுதினேன்.
கடைசியில் பேனா என்னிடம் இருந்தது.

குண்டூசி இங்கே ஒரு வாரத்தில் துருவாய் ஒழுகி
தேதியைச் சிவப்பாக்கிவிடும்.
அதனால் மைதா காய்ச்சுவேன்,
கட்டி தட்டாமல்,
பலகை முழுக்கத் தாராளமாகப் பூசுவேன்.

மறுநாள் காலை
பலகையில் நாலு நகக் கோடுகள்.
இத்தனை வருடத்தில் எங்கள் சுற்றறிக்கையை
மேலிருந்து கீழ் வரை நக்கி முடித்த
ஒரே வாசகர்.
மிச்சம் இரண்டு துண்டு:
"வளைவு வரை நடந்தார்"
"தவறாமல்"

பால் வாங்கப் போன ஜமீலா நின்றார்.
யார் நடந்தது? எந்த வளைவு?
ராணுவத்தில் இருந்த குரியன் நின்றார், கண்ணாடியைத் துடைத்தார்.
எதைத் தவறாமல்?
முழுசாக ஒட்டியிருந்தபோது
திரும்பிப் பார்க்காத கழுத்துகள் எல்லாம்
மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன,
மஃப்ளர், குரங்குக் குல்லா, ஒரு கையில் பல்துலக்கி.
டொக், இழுப்பு, டொக், இழுப்பு என்று
ஸ்டெல்லா டீச்சரே வந்து
"நான்தான். வளைவைத் தாண்டியும் நாலு அடி" என்று திருத்தினார்.

போஜன் தலைகளை எண்ணினார்.
இருபது.
மறுபடி எண்ணினார், பனி கொஞ்சம் விலகியபோது.
இருபதுதான்.
வால்வு சாவியைத் தோளில் வைத்து
ஓரமாக நின்றிருந்தான் சிவனு.
அவன் உறுப்பினர் இல்லை, லைன் வீட்டுக்காரன்.
அறுபத்து மூன்று வீட்டுக்கும் தண்ணீர் திறக்கிறான் என்பது
விதிமுறையில் எங்கும் இல்லை.
விதிமுறையைப் புரட்டினார்கள்:
'எல்லைக்குள் உறங்குபவர்.'

"பம்ப் ஹவுஸ்லதான் பாதி ராத்திரி தூங்குறேன்" என்றான்,
யாரும் கேட்காமலே,
யாரையும் பார்க்காமலே.

கொஞ்ச நேரம் இருமல் சத்தம் மட்டும்.

டீச்சர் வாக்கரில் தொங்கிய பையைத் திறந்து
ஐம்பது ரூபாய் எடுத்தார்.
போஜன் ரசீது எழுதினார்.
ஈரத்தில் மை படர்ந்து
சிவனு என்ற பெயர்
இரண்டு வரி இடம் பிடித்தது.

தீர்மானம் ஒன்று: வளைவில் விளக்கு. நிறைவேறியது.
தீர்மானம் இரண்டு: பம்ப் ஹவுஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி.
முன்மொழிந்தவர், புது உறுப்பினர். நிறைவேறியது.
தீர்மானம் மூன்று: பசையை நிறுத்தி,
பூட்டு வைத்த கண்ணாடிப் பெட்டி வாங்குவது,
இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.
வழிமொழிய ஆளில்லை.

டிசம்பர் கணக்கு, எழுதுபொருள் தலைப்பில்:
மைதா, ஒரு கிலோ.